மலை மட்டும் நடிக்கும் படங்கள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் பழைய தமிழ்ப் பாட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. தேயிலை மலை. நடுவே கதாநாயகனும் கதாநாயகியும். அவர்களுக்குப் பின்னால் வரிசையாகக் கூடை போட்ட பெண்கள், பாட்டுக்கு ஏற்றபடி அசைந்துகொண்டே இலை பறிக்கிறார்கள். அம்மா முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தனையும் வெறுங்கூடை" என்றார்.

"எப்பிடிம்மா தெரியும்?"

"கொழுந்து இருந்தா கழுத்து இப்பிடி நேரா நிக்குமா? கயிறு தலையில இழுக்கும்ல."

அப்புறம் அடுத்ததையும் சொன்னார். "அந்தப் புள்ளைங்க எடுக்கிறது கொழுந்தே இல்ல, முத்தின இலை. கங்காணி பாத்தா அங்கயே கொட்டச் சொல்லிருப்பாரு."

அவர்களில் ஒருத்தியாவது படத்தில் ஏதும் பேசுவாளா என்று கேட்டேன். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவளுங்க என்னத்துக்குப் பேசப்போறாளுங்க" என்றார். அந்தப் படத்தை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். தன்னைப் போன்ற பெண்கள் அதில் இருப்பதையும் பார்த்திருக்கிறார். அவர்கள் பேசக்கூடும் என்பது மட்டும் அவர் எதிர்பார்ப்பில் இல்லை.

சினிமாவில் இனமும் பாலினமும் எப்படிக் காட்டப்படுகின்றன என்று இன்றைக்கு உலகமெங்கும் கணக்கெடுக்கிறார்கள், விவாதிக்கிறார்கள். இலங்கையின் தேயிலை மலைநாடான எங்கள் மலையகத்திலிருந்து அதைப் பார்த்தால் விஷயம் வேறு ஒரு இடத்தில் உறைக்கிறது. எங்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிறார்கள் என்பது சின்னக் குறை. எங்கள் மலையை எல்லோரும் படமெடுக்கிறார்கள், அதில் எங்களையும் நிறுத்துகிறார்கள், ஆனால் வாயைத் திறக்க விடுவதில்லை. பெரிய குறை அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். கோப்பியை இலைநோய் அழித்த பிறகு தேயிலை வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்ற பெயரில் 839,504 பேர் பதிவாகியிருக்கிறோம். 2023இல் மலையகம் 200 என்று ஊர் ஊராக நினைவுகூர்ந்தோம். இதில் எதுவும் ஒரு பாட்டுக் காட்சியில் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு படத்திலுமே தெரியாமல் இருப்பது எப்படி?

வெள்ளைக்காரர்களிடமிருந்து தொடங்கலாம். 1954இல் ஹொலிவூட்டில் வந்த 'எலிபன்ட் வோக்' படத்தின் கதை நடப்பதே இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில்தான். யானைகள் காலங்காலமாகத் தண்ணீருக்குப் போகும் பாதையை மறித்து ஒரு துரை பங்களா கட்டிவிட்டார். அவருடைய மகன் இங்கிலாந்திலிருந்து புது மனைவியோடு வருகிறான். அந்த மனைவியாக எலிசபெத் டெய்லர். முதலில் அந்த வேடத்துக்கு வந்தவர் விவியன் லீ. இலங்கையில் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு உடல்நிலை கெட்டு அவர் விலகினார். தோட்டத்தில் வாந்திபேதி பரவுகிறது, தொழிலாளர்கள் சாகிறார்கள். சாகிறவர்களில் ஒருவரையாவது நமக்கு அறிமுகம் செய்துவைத்திருக்க வேண்டாமா? பெயரோடும் பேச்சோடும் நினைவில் நிற்கிற உள்ளூர்ப் பாத்திரம், பங்களாவின் தலைமைப் பணியாள் அப்புஹாமி. அவராக நடித்தவர் பர்மாவில் பிறந்த பிரிட்டிஷ் நடிகர் ஏப்ரஹாம் சோஃபேர். யானைகளுக்குத் தங்கள் பாதை நினைவிருக்கிறது என்பதுதான் படத்தின் மையம். அதே மண்ணில் காட்டை வெட்டித் தேயிலை நட்ட மனிதர்களுக்கும் நினைவு என்று ஒன்று இருக்கும். அது கதைக்குள் வரவே இல்லை.

அடுத்தது 1984இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படம். இதை நான் கொஞ்சம் கூடுதலாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்கள் பக்கத்தில் பலருக்கும் பெருமை தரும் படம். 'ஸ்பீல்பேர்க் கண்டிக்கு வந்தார்' என்று சொல்லும்போது பெரியவர்களின் முகத்தில் இன்னும் ஒரு வெளிச்சம் தெரியும். கதை 1935ஆம் ஆண்டு வட இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதையைப் பார்த்து இந்திய அரசு ஆட்சேபம் சொன்னதால் படக்குழு இங்கே வந்தது. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் ஓர் இந்தியக் கிராமத்தை செட்டாகப் போட்டார்கள். படத்தை இப்போது போட்டுப் பாருங்கள். அந்த 'இந்திய' கிராமத்து ஜனங்கள் பேசுவது சிங்களம். ஹிந்தி பேச வேண்டிய ஊரில் சிங்களம் பேசினால் உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருக்கிறார்கள். மாநிற மனிதர்கள், கந்தல் உடை, புரியாத மொழி, இது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அரண்மனை விருந்தில் பாம்பும் வண்டும் குரங்கு மூளையும் பரிமாறுகிற காட்சியும் அதே படத்தில்தான். இந்தியாவில் அந்தப் படத்துக்குக் கொஞ்ச காலம் தடை இருந்தது.

ஹந்தானையில் லயன்கள் என்ற வரிசை வீடுகளில் அன்றும் இன்றும் வாழ்கிறவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அங்கே உண்மையாகவே பேசப்படுகிற மொழி அந்தக் கிராமத்தில் கேட்கவில்லை. படப்பிடிப்பு தொடங்கியது 1983 ஏப்ரலில். மூன்று மாதம் கழித்து, தமிழர்கள்மேல் கலவரம் வெடித்த அந்த ஜூலை வந்தது. அந்த ஜூலையைப் பற்றி எங்கள் வீடுகளில் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மலைச்சரிவைத் திரையில் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

சிங்களச் சினிமாவுக்கு வருவோம். இங்கே முதலில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி ருக்மணி தேவி. அவருடைய பிறந்த பெயர் டெய்ஸி ராசம்மா டேனியல்ஸ். பிறந்த இடம் நுவரெலியா மாவட்டத்தின் றம்பொடை. கொழும்புச் செட்டிக் குடும்பம். படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது தமிழ்நாட்டில். சிங்களச் சினிமாவின் முதல் முகம் எங்கள் மலையில் பிறந்த ஒரு ராசம்மா என்பது எனக்கு இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

அப்படித் தொடங்கிய சினிமாவில் பிறகு தமிழர்கள் எப்படி வந்தார்கள்? வெகுஜன நகைச்சுவைப் படங்களிலும் நாடகங்களிலும் நெற்றியில் பட்டை, உடைந்த சிங்களம், அதற்கு ஒரு சிரிப்பு. எங்கள் ஆட்கள் பலர் சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார்கள். பக்கத்துக் கிராமத்தோடு பழகிப் பழகி வந்த பேச்சு அது. திரையில் மட்டும் அது எப்போதும் உடைந்தே இருக்கும்.

ஆனால் பிரசன்ன விதானகே போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். 2012இல் வந்த அவருடைய 'ஒப நதுவா ஒப எக்க' மலையக ஊரொன்றில் நடக்கிறது. அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவர் ஒருவருக்கும் செல்வி என்ற தமிழ்ப் பெண்ணுக்கும் நடக்கும் திருமணத்தின் கதை. செல்வி சும்மா அழுதுகொண்டிருக்கும் பெண் இல்லை. கேள்வி கேட்கிறாள். கணவன் முன்னாள் இராணுவத்தினன் என்று தெரிந்த பிறகு அவளால் பழையபடி வாழ முடிவதில்லை. அவளாக நடித்த அஞ்சலி பாட்டீல், கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். இவ்வளவு நல்ல படத்திலும் எனக்கு ஒன்று தட்டியது. செல்வி மலையகத்தவள் இல்லை, போருக்குத் தப்ப வைக்க வடக்கிலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்தவள். நடித்தவர் மகாராஷ்டிரத்துக்காரர். கதைக்கு அது தேவைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மலையகத்தில் எடுத்த படத்தில் பேசுகிற தமிழ்ப் பெண்ணும் மலையகத்தவளாக இல்லை. 2014இல் இந்தப் படத்தைச் சென்னையில் திரையிட்டபோது எதிர்ப்பு வந்து நிறுத்தினார்கள். சிங்கள இயக்குநரின் படம் என்பதே போதுமாக இருந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி அதில் என்ன கேட்கிறாள் என்று பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

2023இல் அவர் எடுத்த 'பாரடைஸ்' எங்களுக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மலையகத்துக்குச் சுற்றுலா வரும் கேரளத் தம்பதியின் பொருட்கள் திருட்டுப் போகின்றன. பொலிஸ் யாரைப் பிடிக்கிறது? தோட்டத்துத் தமிழ் இளைஞர்களை. ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. அடித்து உதைத்ததில் ஒருவர் செத்துப்போகிறார். ஒரு களவு நடந்தால் முதல் சந்தேகம் லயத்துப் பையன்மேல் விழும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதை உலகத்துக்குக் காட்டிய படம் என்பதால் நான் அதை மதிக்கிறேன். உண்மையைத் தேடி உறுத்தலோடு நிற்பவள் அந்த மனைவி, அதுவும் எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கேயும் நாங்கள் தெரிவது வந்தவர்களின் கண் வழியாகத்தான். செத்தவனின் வீட்டுக்குள் போய் அவன் தாய் அன்று காலையில் என்ன சமைத்தாள், அவனை என்ன சொல்லி ஏசி அனுப்பினாள் என்று பார்க்கும் படம் இனித்தான் வர வேண்டும்.

சரி, எங்கள் சொந்த மொழிச் சினிமா? எங்களை வளர்த்ததே சென்னைச் சினிமாதான். எண்பதுகளில் தோட்டத்தில் காசு சேர்த்து வீடியோ டெக் வாடகைக்கு எடுப்பார்கள். திருவிழா இரவில் விடிய விடிய மூன்று படம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துவிட்டு அப்படியே காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போனதாக அம்மா சொல்வார். அந்தப் படங்களின் மேல் எங்களுக்கிருந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகளுக்கு நடிகர்களின் பெயரை வைத்தோம், லயத்துச் சுவரில் படம் ஒட்டினோம்.

அந்தச் சினிமா தேயிலை மலையை எப்போதும் குளுமையான இடமாகவே பார்த்தது. காதலர்கள் வருவார்கள், பனி இறங்கும், பின்னால் பெண்கள் ஆடுவார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் எடுத்த அந்தக் காட்சிகளில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போன எங்கள் உறவுகளில் ஏராளமானோர் நீலகிரியில்தான் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை, இப்போதைய டான்டீயை, உருவாக்கியது. அம்மாவின் பெரியக்கா 1970களில் அப்படிப் போனவர். பாட்டில் கூடை போட்டு நிற்பவர்களில் பெரியம்மா இருக்கிறாரா என்று அம்மா கொஞ்ச காலம் உண்மையாகவே தேடியிருக்கிறார்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு முறை படப்பிடிப்புக் குழு வந்தது. சின்னம்மா உட்படப் பத்துப் பதினைந்து பேரை மலையில் நிற்கச் சொன்னார்கள். அன்றைக்கு மழை. எல்லோரும் மழைக்குத் தலையில் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு என்ற காப்புத் துணியைக் கட்டி, ஆண்களின் பழைய சட்டையைக் கையை மறைக்கும்படி மாட்டியிருந்தார்கள். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்திருந்தார்கள். அதுதான் வேலைக்குப் போகும் கோலம். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெட்டியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகச் சேலைகளை எடுத்துக் கொடுத்து, படங்கைக் கழற்றச் சொன்னார்கள். படங்கு இல்லாமல் தேயிலைக்குள் இறங்கினால் செடியின் வாது கிழிக்கும், சேலை நனைந்து காலில் ஒட்டும். சின்னம்மா அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "சிரிச்சா போதும், இறங்கத் தேவையில்ல" என்று பதில் வந்ததாம். பாதை ஓரமாக நின்று சிரித்துவிட்டு வந்தார்கள். தேயிலைப் பெட்டியில் அச்சடித்த படத்திலும், சுற்றுலாச் சுவரொட்டியிலும், படத்திலும் இருப்பது அதே பெண்தான். வெள்ளைக்காரன் காலத்து விளம்பரங்களிலிருந்து அப்படியே இறங்கிவந்தவள்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது. 2007இல் 'சிவாஜி' வந்தபோது நான் தரம் 9. படத்தில் ஒரு தகப்பனார் தன் இரண்டு மகள்களைக் கதாநாயகனுக்கு அறிமுகப்படுத்துவார். கறுப்பாக இருப்பதுதான் அவர்கள் படத்தில் இருப்பதற்கான ஒரே காரணம். அவர்களைக் கண்டாலே சிரிக்க வேண்டும். பெயர் அங்கவை, சங்கவை. அதே படத்தில் கதாநாயகனும் நாயகிக்காக வெள்ளையாக ஆசைப்படுகிறார், ஒரு பாட்டு முழுக்க வெள்ளைத் தோலோடு ஆடுகிறார். ஆண் கறுப்பாக இருந்தால் அது செல்லமான குறை, கடைசியில் அவருக்கு வெள்ளையான பெண் கிடைப்பாள். பெண் கறுப்பாக இருந்தால் அவளே பகிடி.

எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அந்தப் பெயர் வந்தது. அதில் ஒருத்தி நான். வராண்டாவில் நடந்தால் பின்னாலிருந்து "அங்கவை" என்று ஒரு சத்தம். ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வருஷம் தமிழ்ப் பாடத்தில் பாரி மகளிர் பாட்டு வந்தது. போன மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது, இந்த மாதத்து நிலவில் வேந்தர்கள் மலையைப் பிடித்துவிட்டார்கள், தந்தையும் இல்லை என்று அந்தப் பெண்கள் பாடுவது. மரபு அவர்களுக்குச் சொல்லும் பெயர்கள் அங்கவை, சங்கவை என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. மலையை இழந்த இரண்டு பெண்களின் பாட்டை, மலையிலேயே வாழ்கிற நாற்பது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்தோம். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும் என்பதால். ஈராயிரம் வருஷத்துக் கவிதையை ஒரு நகைச்சுவைக் காட்சியால் அழிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு வெயில் நிறத்தைக் கொடுக்கும். குளிரான மலைதான், ஆனால் வெயில் சுடும். கறுப்பு எங்கள் ஊரில் வேலையின் அடையாளம். அது அவமானம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், தாய் செய்யும் வேலையும் அவமானம் என்று பிள்ளை தானாகப் புரிந்துகொள்கிறது. 'தோட்டக்காட்டான்' என்ற வசை காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னொரு அடி. என் வகுப்புப் பிள்ளைகள் பலர் முதல் சம்பளத்தில் வாங்கியது சிவப்பாக்கும் கிரீம்தான். அந்தக் கிரீமின் கம்பனி 2020இல் பெயரிலிருந்த 'ஃபெயார்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. குழாய்க்குள் இருப்பதை வாங்கும் காரணம் மாறவில்லை.

நிறத்துக்கு அடுத்தது பேச்சு. தமிழ்ச் சினிமாவில் 'இலங்கைத் தமிழர்' என்றால் ஒரே ஒரு சத்தம்தான், யாழ்ப்பாணத்துச் சத்தம். 2000இல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் அதைப் பிரபலமாக்கினார். 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில், சென்னைக்குத் தப்பிவந்த குடும்பத்துக்குத் தங்கள் பேச்சே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். யாழ்ப்பாணத்தார் பேச்சையும் அகதிகளின் துயரையும் திரைக்குக் கொண்டுவந்தது நல்ல விஷயமே. ஆனால் அந்த ஒரு சத்தம் மற்றவற்றை மூடிவிட்டது. எங்கள் பேச்சுக்குத் தமிழ்நாட்டின் வேர், அதற்குள் சிங்களச் சொல், துரைமாரின் ஆங்கிலத்திலிருந்து உருண்டுவந்த பெரட்டு, கிளாக்கர், லயம். நான் ஒரு முறை சென்னைக்குப் போனபோது ஆட்டோக்காரர் கேட்டார்: "சிலோன்னு சொல்றீங்க, சிலோன் மாதிரி பேசலையே?" யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் கேட்டார்: "நீங்கள் இந்தியாவோ?" இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். காதில் விழுந்ததை வைத்துத்தானே மனிதர்களை அடையாளம் காண்கிறோம். எங்கள் பேச்சு அவர்களில் யாருடைய காதிலும் விழுந்ததே இல்லை.

மலையகத்தில் வேர் கொண்ட, உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு தமிழர் உண்டு, கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன். தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய கதை '800' என்ற பெயரில் படமாகும் என்று சொன்னபோது எழுந்த அரசியல் எதிர்ப்பில் 2020இல் விஜய் சேதுபதி விலகினார். பிறகு மதுர் மிட்டல் என்ற ஹிந்தி நடிகர் நடித்து 2023இல் படம் வந்தது. அந்தச் சண்டை முழுவதும் அவர் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியே நடந்தது. மலையகத் தமிழர் என்றால் யார், 1948இல் அவர்களுக்கு என்ன நடந்தது, ஏன் அவர்களின் அரசியல் வடக்கின் அரசியலைப் போல இருக்கவில்லை என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அவர்மேல் உள்ள விமர்சனங்கள் வேறு, அதைப் பேசலாம். ஆனால் எங்கள் இருநூறு வருஷத்தை ஒரு வரியில் தாண்டிப்போனது வலித்தது.

தோட்டத்துக் கதையையே நேராக எடுத்த பெரிய தமிழ்ப் படம் பாலாவின் 'பரதேசி', 2013. பி. எச். டேனியலின் ஆங்கில நாவலைத் தழுவியது, இந்தியப் பக்கத் தோட்டங்களைப் பற்றியது. கங்காணி ஆசைகாட்டிக் கூட்டிப்போவதும், கடன் கணக்கு ஒருநாளும் தீராததும் எங்கள் பாட்டன் பாட்டி சொன்னதேதான். அப்பா அதை முழுக்கப் பார்க்கவில்லை, பாதியில் எழுந்து வெளியே போய் நின்றார். அந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துயரம் மட்டுமே எங்கள் முகம் என்று ஆகிவிட்டால் அதுவும் ஒரு அச்சுத்தான். சிரிக்கும் பெண் ஒரு அச்சு, கதறும் பெண் இன்னொரு அச்சு. இரண்டுக்கும் நடுவில் அம்மாவைப் போல் "தராசுல ஏன் ரெண்டு கிலோ கழிக்கிற?" என்று நிறுவைக்காரரிடம் சண்டை போடுகிற பெண்ணுக்கு இடமில்லை.

அந்தப் பெண் கற்பனையில்லை. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், 1930களிலேயே தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார், அவற்றை 1940இல் அச்சிட்டும் கொடுத்தார். பெண்கள் மேடையேறுவதே அபூர்வமாக இருந்த காலம். 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டு, ஆண் தலைவர்களை ஒதுக்கிவைத்து, போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். செய்திக் கமராவுக்கு முன்னால் அவர்கள் பேசிய பேச்சை நான் யூடியூபில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பாட்டுக் காட்சிகளில் எந்தப் பெண்களை அசையவிட்டார்களோ அதே பெண்கள்தான்.

மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கு 2016இல் பா. ரஞ்சித்தின் 'கபாலி' கிடைத்தது. சம்பளத்துக்குப் போராடிய கதையும் கோட் போடும் உரிமையும் ஒரு பெரிய நட்சத்திரத்தின் வாயால் பேசப்பட்டன. எங்கள் பையன்கள் அதைத் தங்கள் படமாகவே கொண்டாடினார்கள். அந்தப் பசியிலிருந்தே தெரிகிறது எங்களுக்கு என்ன இல்லை என்று.

ஒரு காலத்தில் இருந்தது. இலங்கையிலேயே தமிழ்ப் படங்கள் எடுத்தார்கள். 1963இல் கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் 'புதிய காற்று'. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் கதை எழுத, தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்தார். தோட்டத்தை அறிந்தவரே கதை எழுதினார், தொழிலாளர்களோடு நின்றவரே திரையில் நின்றார். மாமா அதை மலையக நகரமான ஹட்டனில் பார்த்திருக்கிறார். கதை அவருக்கு மறந்துவிட்டது. "நம்ம ஆளுங்க பேசுறாப்லயே பேசுனாங்க" என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தச் சினிமா ஏன் நிலைக்கவில்லை? சென்னைப் படங்களோடு போட்டி போட முதலீடு இல்லை, பார்வையாளர் கூட்டம் சிறியது. அதோடு 1983 ஜூலையில் தமிழர்களுக்குச் சொந்தமான திரையரங்குகளும் ஸ்டூடியோவும் எரிந்தன, படச்சுருள்களும் போயின. எங்கள் முகத்தைப் பார்க்க இருந்த கண்ணாடியும் அந்தத் தீயில் உடைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நிலைமை மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் பணக் கணக்குத்தான். சென்னைத் தயாரிப்பாளருக்கு இலங்கை சின்னச் சந்தை, மலையகம் அதற்குள் ஒரு சின்னப் பகுதி. 1,000 ரூபாய் நாட்சம்பளம் பெறவே பல வருஷம் போராடி 2021 வரை காத்திருந்த சனம், டிக்கெட் கணக்கில் எங்கே நிற்கும்? கொழும்புத் தயாரிப்பாளருக்கு நாங்கள் வேறு மொழி. யாருக்கும் நாங்கள் கோபித்துக்கொண்டால் நட்டமில்லை. நட்டம் இல்லாத இடத்தில் வார்ப்புப் பாத்திரம் வசதியானது. கூடையை மாட்டிவிட்டால் பாத்திரம் தயார், எழுத்தாளர் யோசிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1985இலேயே அலிசன் பெக்டெல் என்ற சித்திரக்கதைக் கலைஞர் ஒரு எளிய சோதனையைப் பிரபலமாக்கினார். படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கிறார்களா, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, அந்தப் பேச்சு ஆணைப் பற்றி அல்லாததா? பிறகு பல்கலைக்கழகங்கள் பெரிய படங்களில் பேசும் பாத்திரங்களையே ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கின. பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே அங்கேயும் கஷ்டமாக இருந்தது. 2024ஆம் ஆண்டு ஒஸ்கார் விழாவிலிருந்து சிறந்த படத்துக்குப் போட்டியிடவே பன்முகத்தன்மை விதிகள் வந்துவிட்டன. விதி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் நம்பவில்லை. எண்ணிப் பார்ப்பதன் அருமையை நம்புகிறேன். எண்ணும்வரைக்கும் அம்மாவைப் போலவே நானும் அந்தப் பெண்கள் பேசாததைக் கவனிக்கவில்லை.

பெக்டெலின் சோதனையை எங்கள் மலைக்கு இப்படி வைக்கலாம். இரண்டு கொழுந்துப் பெண்கள் ஒரு நிமிஷம், தங்கள் சொந்தப் பேச்சில், கதாநாயகனைப் பற்றி அல்லாத ஏதாவது பேசுகிறார்களா? நான் பார்த்த பெரிய படங்களில் ஒன்றும் தேறவில்லை.

போன வாரம் சின்னம்மாவின் மகள், உயர்தரம் படிக்கிறவள், மத்தியான நிறுவை நேரத்தில் போனில் எடுத்த மூன்று நிமிஷ வீடியோ ஒன்றைக் காட்டினாள். எடிட் எதுவும் இல்லை, காற்றுச் சத்தம் வேறு. இரண்டு பேர் பாதையோரம் குந்தியிருந்து படங்கை உதறி அட்டை பார்க்கிறார்கள். ஒருத்தி மகளின் கம்பியூட்டர் வகுப்புக் காசைப் பற்றிச் சொல்கிறாள், மற்றவள் சீட்டுக் காசு எப்போது விழும் என்று கணக்குப் போடுகிறாள், நடுவில் நிறுவைக்காரரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பவும் கணக்குக்கு வருகிறாள். அம்மா போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார். "இந்தா, இவ கூடை நெறஞ்சிருக்கு பாரு" என்றார்.